புதுப்பிப்பு: அப்பாரு பெயரில் இருந்த பட்டா மாறிவிட்டது

தாராபுரம் பக்கம் எங்கள் மூன்று ஏக்கர் தோட்டத்தின் பட்டா அப்பாரு (அப்பாவின் அப்பா) பெயரிலேயே இருக்கிறது, மாற்ற அத்தைகள் இருவரிடமும் விடுதலைப் பத்திரம் (தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் பத்திரம்) கேட்க வேண்டுமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, "பத்திரம் வேண்டாம், அத்தைகளையும் சேர்த்துக் கூட்டுப் பட்டா வாங்குங்கள்" என்ற யோசனைதான். அப்பாரு உயில் எழுதவில்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகள்களும் முதல் வகுப்பு வாரிசுகள். அப்பாவும் இல்லாததால் இரண்டு வாரிசுச் சான்றிதழ் தேவைப்பட்டது: அப்பாருக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. இதைக் கவனிக்காமல் முதல் மனு தள்ளுபடியானது. அப்புறம் இரண்டு இறப்புச் சான்று, வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் எல்லாம் சேர்த்து இ-சேவை மையத்தில் மறுபடி போட்டோம். நிலத்தைப் பங்கு பிரித்துத் தனித்தனி எண் தரும் உட்பிரிவு கேட்காததால் அளவைக்குக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. கிராம நிர்வாக அலுவலர் விசாரித்துப் போனார், பட்டா வந்தது.

எதிர்பாராதது ஒன்று. மூலப்பத்திரத்தில் கிணற்றில் எங்களுக்குப் பாதிப் பங்கு, வாரத்தில் எந்தெந்த நாள் கவலை (மாடு பூட்டி நீர் இறைப்பது) இறைக்கலாம் என்பதுவரை எழுதியிருக்கிறது. உங்கள் பத்திரத்திலும் கிணற்றுப் பங்கு, வண்டித்தடம் இரண்டையும் தேடிப் பாருங்கள்.

பட்டா வந்த அன்று சின்ன அத்தை கிணற்று மேட்டுக்குப் போனார். கல்லில் வடக்கயிறு அறுத்த தடத்தை விரலால் தடவிக்கொண்டே, "விக்க வேண்டாஞ் சாமி, ஓட்டு" என்றார். இந்த ஆடியில் சோளம் விதைக்கிறேன்.