லாக்கப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே: மனநோய் உள்ளவர் போலீஸில் சிக்கும்போது என்ன செய்வது, அனுபவப் பகிர்வு

சட்டத் தன்னார்வலர்:

ஊரே சேர்ந்து ஒருவரைக் கட்டி இழுத்துவந்து ஸ்டேஷனில் ஒப்படைத்திருந்தது. பக்கத்து வீட்டுக் கதவை உடைத்து உள்ளே போனார் என்று புகார். ஒரு பொருளையும் தொடவில்லை. தன்னைப் பற்றிப் பேசுகிற குரல் அந்த வீட்டிலிருந்துதான் வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தாராம். அவருடைய அக்கா எனக்குப் போன் செய்தபோது இரவாகிவிட்டது.

இந்த மாதிரி விஷயத்தில் எல்லாரும் போலீஸைத்தான் திட்டுவார்கள். நான் பார்த்தவரை, ஜெயிலுக்கு அனுப்பச் சொல்லி நெருக்குவது பெரும்பாலும் ஊர்தான். "ரெண்டு மாசம் உள்ள கிடந்தா நாங்க நிம்மதியாத் தூங்குவோம்மா" என்று ஒரு பெரியவர் என்னிடமே சொன்னார். உடைந்த கதவுக்குப் பின்னால் அன்று தனியாக இருந்தது அவருடைய பேத்தி. அவரிடம் நான் என்ன வாதாடுவது?

எஸ்.ஐ.யிடம் 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 100-வது பிரிவைச் சொன்னேன். அந்தப் பிரிவின்படி பாதுகாப்பில் எடுத்தவரை 24 மணி நேரத்துக்குள் பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், எக்காரணம் கொண்டும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இவர் மேல கம்ப்ளைண்ட் இருக்கேம்மா, அதை நான் என்ன செய்ய?" என்றார். நியாயமான கேள்வி. புகார் வந்த பிறகு வழி மாஜிஸ்திரேட் வழியாகத்தான். 102-வது பிரிவில், தம் முன் கொண்டுவரப்பட்டவருக்கு மனநோய் இருக்கலாம் என்று தோன்றினால், பரிசோதனைக்காக அவரை அரசு மனநல மருத்துவமனையில் 10 நாள் வரை சேர்க்க மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம்.

ஆனால் அவருக்கு அப்படித் தோன்ற வேண்டுமே! ரிமாண்டுக்கு, அதாவது காவலில் வைக்கும் உத்தரவுக்கு, நிற்கிற சில நிமிடங்களில், தலை குனிந்து பேசாமல் நிற்பவரைப் பார்த்து யாருக்கு என்ன தெரியும்? அன்று காப்பாற்றியது அக்கா டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த பழைய ஓ.பி. சீட்டு. மாத்திரைப் பெயர், டாக்டர் கையெழுத்து எல்லாம் இருந்தது. அதன் நகலை ரிமாண்ட் அறிக்கையோடு இணைக்க எஸ்.ஐ. சம்மதித்தார். கிளைச் சிறைக்குப் போயிருக்க வேண்டியவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். வழக்கு அப்படியேதான் நடந்தது, அதை யாரும் தள்ளுபடி செய்யவில்லை.

ஓய்வுபெற்ற எஸ்.ஐ.:

தன்னார்வலர் அம்மா சொன்னது சரி. என் பக்கத்தையும் கேளுங்கள். சட்டம் 24 மணி நேரம் என்கிறது, வண்டி தருவதில்லை. ஸ்டேஷனில் ராத்திரி ரெண்டு பேர் இருப்போம். ஒருவர் மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போனால் மற்றவர்தான் மொத்த ஸ்டேஷனும். போன இடத்தில் "சைக்கியாட்ரி டாக்டர் காலையில்தான் வருவார்" என்பார்கள். பகலிலேயே கொண்டுபோய்விட்டால் பாதித் தொல்லை குறையும்.

2018 மே மாதம் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி கிளம்பியது நினைவிருக்கும். திருவண்ணாமலைப் பக்கமும் பழவேற்காட்டிலும் சந்தேகப்பட்டவர்களை ஊர்க்காரர்கள் அடித்தே கொன்றார்கள். அந்த வாரத்தில் எங்கள் எல்லையில் ஒருவர் அழுக்குச் சட்டையோடு, இந்தி மாதிரி ஏதோ பேசிக்கொண்டு திரிந்தார். அவரை ஜீப்பில் ஏற்றியதே உயிரோடு இருக்கட்டும் என்றுதான். லாக்கப்பில் விடவில்லை, ஸ்டேஷன் எழுத்து வேலை பார்க்கிற ரைட்டர் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தோம். வழிதவறித் திரிகிறவர் என்றால் காணாமல்போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டுக் குடும்பத்தைத் தேட வேண்டும், அதுவும் அந்த 100-வது பிரிவிலேயே இருக்கிறது. நிறையப் பேர் அதைச் செய்வதில்லை. சில மாவட்ட அரசு மருத்துவமனைகளில் இப்படிப்பட்டவர்களுக்கென்றே அவசர சிகிச்சை மீட்பு மையம் இருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள், நடுராத்திரியில் தேடாதீர்கள்.

ஒரு தம்பி:

என் அண்ணன் ரெண்டு முறை ஸ்டேஷன் வரை போனவர். ரெண்டு முறையும் மாத்திரையை நிறுத்திய பிறகுதான். டவுன்காரர்களுக்கு மருந்து வாங்குவது பெரிய வேலையாகத் தெரியாது. எங்களுக்கு மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வருகிற நாள் ஒன்றுதான். அந்த நாளைத் தவறவிட்டால் ரெண்டு பஸ் மாறி ஜி.ஹெச். போக வேண்டும், எனக்கும் அவருக்கும் கூலி போச்சு. அறுப்புக் காலத்தில் தவறத்தான் செய்யும்.

டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்து நகல் எடுத்து வைத்திருக்கிறேன். ஊராட்சித் தலைவர், வி.ஏ.ஓ., ஸ்டேஷன் ரைட்டர் மூவரிடமும் ஒன்று கொடுத்து, பின்பக்கம் என் நம்பரை எழுதிவிட்டேன். எஸ்.ஐ. மாற்றலாகிப் போனால் புது ஆளிடம் திரும்பப் போய்க் கொடுப்பேன். போன தடவை அண்ணன் நடுரோட்டில் கல்லை எடுத்தபோது ரைட்டர் எனக்குத்தான் முதலில் போன் செய்தார். தூக்கம் குறைய ஆரம்பித்தாலே 14416-க்கு, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸுக்கு, கூப்பிட்டுக் கேட்பேன். தமிழிலேயே பேசுகிறார்கள்.

புது உறுப்பினர்:

என் சித்தப்பாவை ஏற்கெனவே ரிமாண்ட் செய்துவிட்டார்கள். இனிமேல் ஒன்றும் செய்ய முடியாதா?

சட்டத் தன்னார்வலர்:

முடியும். சிறை டாக்டரிடம் பழைய சீட்டைக் கொடுத்து, அதே மனநலச் சட்டத்தின் 103-வது பிரிவின்படி மனநலச் சிகிச்சைக்கு மாற்றச் சொல்லிச் சிறைக் கண்காணிப்பாளருக்கு மனு எழுதுங்கள். கோர்ட்டில் இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 367-வது பிரிவைச் சொல்லி, தன் தரப்பைச் சொல்லும் நிலையில் அவர் இல்லை, பரிசோதிக்க வேண்டும் என்று வக்கீல் கேட்கலாம். முன்பு சி.ஆர்.பி.சி. 328 என்று இருந்ததுதான். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் இலவச சட்ட உதவி எண் 15100-ஐக் கூப்பிடுங்கள், அல்லது வட்டச் சட்டப் பணிகள் குழுவில் எழுதிக் கொடுங்கள். சீட்டின் அசலை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், நகல் போதும்.