ஆணை பெரிது, பங்கு ஏன் சரிந்தது?

கேள்வி: பிஎஸ்என்எல்லின் 4ஜி, 5ஜி வலையமைப்புக்காக, 2023 ஆகஸ்டில் டிசிஎஸ்ஸிடமிருந்து ரூ.7,492 கோடி மதிப்பிலான கருவிக் கொள்முதல் ஆணையைப் பெற்ற, தொலைத்தொடர்புக் கருவிகள் தயாரிக்கும் நிறுவனமான தேஜஸ் நெட்வொர்க்ஸின் பங்கு, 2025-இல் சரிந்தது ஏன்?

மறுமொழி 1: அந்த ஆணைப்படி ஒரு லட்சம் கைபேசிக் கோபுரங்களுக்கான கருவிகளை வழங்கி முடிக்கும் வேளையில், அதே அளவிலான அடுத்த ஆணை கையில் இல்லாவிட்டால் வருவாய் வற்றிவிடும். 2024 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் ஏறத்தாழ ரூ.1,563 கோடியாக இருந்த வருவாய், ஓராண்டில் ரூ.202 கோடியாகக் குறைந்தது, நட்டமும் வந்தது.

கேள்வி கேட்டவர்: 2025 மே மாதம் ரூ.1,526 கோடிக்குக் கூடுதல் ஆணை வந்ததே?

மறுமொழி 2: அது முதல் ஆணையில் ஐந்தில் ஒரு பங்குதான். மேலும், இறுதி வாடிக்கையாளர் பிஎஸ்என்எல் போன்ற அரசு நிறுவனமாக இருக்கும்போது, ஆணையின் மதிப்பைவிட (தலைப்புச் செய்தியில் வருவது அது மட்டுமே) வரவேண்டிய பாக்கியையும், அதை ஈடுகட்ட வாங்கிய கடனின் வட்டியையும் முதலில் பார்ப்பதே முதலீட்டாளருக்கு நல்லது.