செல்லருக்குப் போகாதவன் எழுதுவது

டெல்லியின் எழுபது, எண்பதுகளின் இரவு என்றதும் எல்லோரும் செல்லர் டிஸ்கோ, ஓபராய் ஹோட்டலில் தபேலா என்ற டிஸ்கோ, கேலார்ட் ரெஸ்டாரண்டில் பேண்டு வாசிப்பு என்று எழுதுகிறீர்கள். படிக்கப் பொறாமையாகத்தான் இருக்கிறது. கன்னாட் பிளேஸ் ரீகல் கட்டடத்து செல்லர் வாசலை எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன், உள்ளே போனதில்லை. ஜோடியாக வந்தால்தான் விடுவார்கள் என்றார்கள். கரோல்பாகில் ஒரு பர்சாத்தியில் (மொட்டை மாடி அறை) நாலு பேராக முடங்கிக் கிடந்த மத்திய அரசு குமாஸ்தா ஜோடிக்கு எங்கே போவான்?

எங்களுக்கு ராத்திரி வாழ்க்கை என்றால் கன்னாட் பிளேஸின் வெளிவட்டமான கன்னாட் சர்க்கஸில் இருந்த மெட்ராஸ் ஹோட்டல்தான். சம்பளம் வந்த வாரம் முழுச் சாப்பாடு, மாசக் கடைசியில் இட்லி. அங்கே சாம்பாருக்குக் கணக்குக் கிடையாது, கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். ஜனவரிக் குளிரில் மஃப்ளரைக் கூட அவிழ்க்காமல் உட்கார்ந்து, ரெண்டு இட்லியைச் சாக்காக வைத்துக்கொண்டு கிண்ணம் கிண்ணமாகச் சாம்பார் குடித்திருக்கிறோம், சப்ளையருக்கும் அது தெரியும், ஒரு தடவை கூட முகம் சுளித்ததில்லை. பக்கத்து மேஜையில் பஞ்சாபிக் குடும்பம் தோசையை ஸ்பூனால் வெட்டிக்கொண்டிருக்கும். நாங்கள் அதைப் பார்த்துச் சிரிப்போம் (அவர்களும் எங்கள் சாம்பார்க் கணக்கைப் பார்த்துச் சிரித்திருக்கலாம்). ஊரிலிருந்து யார் வந்தாலும், யாருக்கு வேலை மாற்றல், எந்த மெஸ்ஸில் இடம் காலி, எல்லாச் செய்தியும் அந்த மேஜைகளில்தான் கிடைக்கும். ஹோட்டல் மூடி வருஷக்கணக்காகிவிட்டது, பஸ் ஸ்டாப்பின் பெயர் மட்டும் இன்னும் மெட்ராஸ் ஹோட்டல்தான். போன வருஷம் என் மருமகள் அந்த ஸ்டாப்பில் இறங்கி, "மாமா, ஹோட்டல் எந்தப் பக்கம்?" என்று போனில் கேட்டாள்!

காபி ஹவுஸ் கதை வேறு. கன்னாட் பிளேஸ் நடுவில் இருந்ததை 1976-ல், எமர்ஜென்சி சமயத்தில் இடித்தார்கள். இப்போது பாலிகா பஜார் இருக்கிறதே, அங்கேதான். நான் டெல்லி வருவதற்குள் அது போய்விட்டது, எனக்குத் தெரிந்ததெல்லாம் மோகன் சிங் பிளேஸ் கட்டட மாடியில் இருந்த காபி ஹவுஸ்தான். கீழே அளவெடுத்து ஜீன்ஸ் தைத்துத் தருகிற கடைகள், மேலே ஒரு காபியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் அரசியல் பேசுகிற பெரியவர்கள். காபி சுமார்தான், நம்ம ஊர் டிகிரி காபியை நினைத்துக்கொண்டு போகக் கூடாது. ஆனால் எழுந்திரு என்று யாரும் சொன்னதில்லை, அதுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது.

அப்புறம் நிருலாஸ் ரெஸ்டாரண்ட். நல்ல மார்க் வாங்கிய ரிப்போர்ட் கார்டைக் காட்டினால் அப்போது குழந்தைக்கு ஐஸ்கிரீம் இலவசமாகக் கொடுத்தார்கள். கல்யாணமாகிப் பிள்ளைகள் வந்த பிறகு அதற்காகவே படிக்க வைத்த அப்பாக்களில் நானும் ஒருவன், ஹாட் சாக்லேட் ஃபட்ஜுக்கு மட்டும் கைக்காசு.

சரி, மெட்ராஸ் ஹோட்டல் சாம்பார்க் கூட்டாளிகள் யாராவது இங்கே இருந்தால் எழுதுங்கள். செல்லர்க்காரர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள்.