பல் நாற்காலியில் கேட்காமல் விட்ட கேள்வி: உங்கள் அனுபவம் என்ன?

பல் மருத்துவர், திருநெல்வேலி:
மேல் முன்பல் பாதி உடைந்த நிலையில் ஒரு பெண் கணவரோடு வந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்ததாகக் கணவரே சொன்னார்; அந்தப் பெண்ணிடம் நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவரே பதில் சொன்னார். முகம் குப்புற விழுந்தவருக்கு உள்ளங்கையிலோ முகவாயிலோ சிராய்ப்பு இருப்பது வழக்கம். இவருக்கு மேலுதட்டின் உட்புறம் மட்டும் கிழிந்திருந்தது. பக்கத்துப் பல் சாம்பல் நிறமாக மாறியிருந்ததால், அது பல மாதங்களுக்கு முன் வாங்கிய அடி என்பது எனக்குப் புரிந்தது. புரிந்தும், வேர் சிகிச்சையைத் தொடங்கி, வாய் நிறையப் பஞ்சை வைத்து, பேச முடியாதபடி செய்த பிறகுதான் அவர் கண்களைப் பார்த்தேன். அடுத்த தேதிக்கு அவர் வரவில்லை.

மருத்துவமனை உதவியாளர், கோவை:
எங்கள் மருத்துவர் இத்தகைய சந்தேகம் வந்தால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார், ஏனெனில் கதிர்வீச்சைக் காரணம் காட்டி உடன் வந்தவரை வெளியே நிறுத்தினால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அப்படி ஒருமுறை, "வீட்டில் பயமாக இருக்கிறதா, அக்கா?" என்று நான் கேட்டபோது, அந்த அக்கா பதில் சொல்வதற்கு முன் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். பெண்கள் உதவி எண்ணான 181ஐத் துண்டுச் சீட்டில் எழுதினேன். கைப்பையையும் அலைபேசியையும் கணவர் சோதிப்பார், மூன்று இலக்கம்தானே, மனத்தில் இருக்கட்டும் என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஓய்வுபெற்ற பல் மருத்துவர், சென்னை:
திருநெல்வேலி மருத்துவர் வருந்துவதோடு நிறுத்திக்கொண்டது எனக்கு ஏற்புடையதாக இல்லை. நானும் ஒருமுறை தாடை முறிவைக் கண்டும் பேசாமல் கட்டிவிட்டு அனுப்பியவன்தான்; அதனால்தான் சொல்கிறேன். எலும்போ பல்லோ முறிவதும் இடம் பெயர்வதும் சட்டப்படி கொடுங்காயம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 320ஆம் பிரிவில் இருந்த இது, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவில் தொடர்கிறது. ஆகவே எந்தப் பல், எவ்வளவு உடைந்தது, காயம் புதியதா பழையதா என்பதை அன்றே எழுதுங்கள். நோயாளி சம்மதித்தால் படம் எடுத்து வையுங்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலருக்கு (பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவ அரசு நியமிக்கும் அதிகாரி) யார் வேண்டுமானாலும் தகவல் தரலாம், நல்லெண்ணத்தோடு தந்தவர் மீது வழக்கு வராது. பிறகு என்ன தயக்கம்? உடனே தெரிவித்துவிட வேண்டியதுதானே?

அந்த நாற்காலியில் படுத்திருந்தவள், மதுரை:
ஐயா, "உடனே" என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். தகவல் போன அன்று இரவும் நான் அதே வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும் என்பதை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை. முதலில் பார்த்த மருத்துவர் என் மாமியாரின் முன்னாலேயே "யாரம்மா அடித்தது?" என்று உரக்கக் கேட்டார், அதற்கான விலையை வீட்டில் கொடுத்தேன். இரண்டாவது மருத்துவர் ஒன்றும் கேட்கவில்லை. மாமியாரைப் பணம் கட்ட அனுப்பிவிட்டு, "எப்போது வேண்டுமானாலும் தனியாக வரலாம், பல் வலி என்று சொன்னால் போதும்" என்றார். நான் போவதற்கு ஒன்றரை ஆண்டு ஆயிற்று. வழக்குக்காக கேஸ் ஷீட்டின் நகலைக் கேட்டு வாங்கியபோது, முதல் நாள் தேதியில், அவர் கையெழுத்தில் இப்படி இருந்தது: "மாடிப்படியில் விழுந்ததாக மாமியார் கூறினார். நோயாளி எதுவும் கூறவில்லை."