சென்னையின் முதல் மேயர் கானாடுகாத்தான்காரர்தானா? மேயர் தேர்தல் வரலாறு குறித்து விவரம் தேவை

செக்காலை_ரோடு:

காரைக்குடி மாநகராட்சி ஆனதை ஒட்டி, நூலகத்தில் வைக்க மேயர் பதவியின் வரலாறு பற்றிச் சில பலகைகள் தயார் செய்கிறோம். முதல் பலகையிலேயே சிக்கல். "சென்னையின் முதல் மேயர் நம்ம கானாடுகாத்தான் முத்தையா செட்டியார்" என்று ஒரு தரப்பு. "1688லேயே வெள்ளைக்காரர் ஒருவர் மேயராக இருந்தார்" என்று இன்னொரு தரப்பு. "ஸ்டாலின்தான் முதல் மேயர்" என்று மூன்றாவதாக ஒருவர். எதைப் போடுவது? அந்தந்தக் காலத்தில் மேயரை யார் தேர்ந்தெடுத்தார்கள், மக்களா, கவுன்சிலர்களா? ஆண்டோடு சொன்னால் உதவியாக இருக்கும். பிளக்ஸ் அடித்த பிறகு திருத்த முடியாது.

கல்லுக்கட்டி:

மூன்று பேர் சொல்வதும் சரி. யார் ஓட்டுப் போட்டார்கள் என்பதைச் சேர்த்து எழுதினால் சண்டை தீர்ந்துவிடும்.

சென்னை மாநகராட்சி தொடங்கியது 29 செப்டம்பர் 1688. அதற்கான கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனம் முந்தைய ஆண்டு, 1687 டிசம்பர் தேதியிட்டது. ஒரு மேயர், 12 ஆல்டர்மேன்கள் (மூத்த உறுப்பினர்கள்), 60 பர்ஜஸ்கள் (நகரப் பிரதிநிதிகள்) என்று அமைப்பு. முதல் மேயர் நத்தேனியல் ஹிக்கின்சன். பின்னால் 1692இல் புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னரும் ஆனார். நம் அர்த்தத்தில் இது தேர்தலே இல்லை. லண்டனில் இருந்த கம்பெனித் தலைவர்களில் ஒருவரான ஜோசையா சைல்டின் கணக்கு வேறு: கோட்டை நிர்வாகம் வரி போட்டால் சனங்கள் கட்ட மறுக்கிறார்கள், ஊர்ப் பெரியவர்களையே சபையில் உட்கார வைத்து அவர்கள் வாயால் வரி போட வைத்தால் கட்டுவார்கள் என்பது. அப்போதும் கட்டவில்லை. வரியால் கட்ட நினைத்த நகர மண்டபம், பள்ளிக்கூடம், சாக்கடை எல்லாம் இழுபறியானது. மேயர் நீதிமன்றம் 18ஆம் நூற்றாண்டின் கடைசி வரை நடந்தது, அதன்பின் ரெக்கார்டர் நீதிமன்றம் வந்தது. மேயர் என்ற பதவியும் அத்தோடு வழக்கொழிந்துபோனது.

அதற்குப் பிறகு நெடுங்காலம் தலைமை அரசு நியமித்த அதிகாரியிடம்தான். 1919ஆம் ஆண்டுச் சென்னை நகராட்சிச் சட்டம் அதை மாற்றியது. 50 பேர் கொண்ட சபை, அதில் கணிசமானவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், சபையே தேர்ந்தெடுக்கும் தலைவர். நிர்வாகம் தனியாகக் கமிஷனர் கையில். மேயர் பெரியவரா, கமிஷனர் பெரியவரா என்று இன்றும் நடக்கிற இழுபறிக்கு வேர் அந்தச் சட்டம்தான். அப்படி வந்த முதல் தலைவர் பிட்டி தியாகராய செட்டியார், நீதிக்கட்சி. மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் கட்டடத்துக்கு முன் நிற்கிற சிலை அவருடையது. செட்டியார் என்பதால் இவரை நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்) என்று எழுதிவிடாதீர்கள், தேவாங்கர் சமூகம். நம்ம ஊர் விழா மலர்களில் திரும்பத் திரும்ப வரும் பிழை இது.

1933இல் சட்டத்தைத் திருத்தி, தலைவர் பதவிக்கு மேயர் என்று பெயர் வைத்தார்கள். அப்போது அந்த நாற்காலியில் இருந்தவர் குமாரராஜா எம்.ஏ. முத்தையா செட்டியார். ஆகவே கடைசித் தலைவரும் அவரே, புதிய வரிசையின் முதல் மேயரும் அவரே. தேர்ந்தெடுத்தது சபை உறுப்பினர்கள். அந்த உறுப்பினர்களுக்கு ஓட்டுப் போட்டதும் எல்லா மக்களும் அல்ல, சொத்துத் தகுதி உள்ளவர்கள் மட்டும்.

பலகையில் இப்படிப் போடலாம்: "1933இல் மேயர் பதவி மீண்டும் வந்தபோது முதல் மேயர், கானாடுகாத்தான் குமாரராஜா மு.அ. முத்தையா செட்டியார்." ஹிக்கின்சனோடு மோதாது. படத்துக்குக் கீழே "ராஜா சர்" என்று போட வேண்டாம். தந்தை அண்ணாமலை செட்டியார் 1948 வரை இருந்தார், ராஜா பட்டம் அதன் பிறகுதான் இவருக்கு. 'சர்' பட்டமும் 1933க்குப் பின் வந்ததே. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிறுவியது தந்தை, மேயர் ஆனது மகன். இதையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

தேவகோட்டை_ஆச்சி:

கல்லுக்கட்டி அண்ணன் பழையதைச் சொல்லிவிட்டார், நான் பிந்தையதைச் சொல்கிறேன்.

1933 முதல் 1973 வரை மேயர் பதவி ஓராண்டுதான். கவுன்சிலர்கள் ஆண்டுதோறும் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். சமூகவாரியாகச் சுற்றி வருகிற எழுதாத ஏற்பாடும் இருந்தது. சத்தியமூர்த்தி 1939–40, பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அடிபோட்டவர். தாரா செரியன் 1956–57, முதல் பெண் மேயர். 1959 தேர்தலில் 100 இடங்களில் தி.மு.க. 45 பிடித்தது. தனிப் பெரும்பான்மை இல்லை, மற்றவர்கள் ஆதரவோடு அ.பொ. அரசு மேயர் ஆனார். கவுன்சிலர் ஓட்டால் மேயர் வருகிற முறையில் இதுதான் நடைமுறை. அதிக வார்டு பிடித்தவர் வென்றவர் இல்லை, மேயர் தேர்தலன்று கை எண்ணிக்கை வைத்திருப்பவர்தான் வென்றவர்.

1973 டிசம்பரில் மஸ்டர் ரோல் ஊழல் வெடித்து மன்றம் கலைக்கப்பட்டது. வேலைக்கு வராத ஆட்களின் பெயரில் கூலிப் பட்டியல் எழுதிய விவகாரம். அதற்குப் பிறகு 1996 வரை மேயரும் இல்லை, மன்றமும் இல்லை. தனி அதிகாரி ஆட்சி. கிட்டத்தட்ட 23 வருடம், ஒரு தலைமுறை கவுன்சிலர் முகத்தையே பார்க்கவில்லை. பல புத்தகங்களில் இதை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். உங்கள் பலகையில் தனியாகக் கட்டம் கட்டிப் போடுங்கள்.

74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டுக்கு ஒரு தேர்தல் கட்டாயம். ஆனால் மேயரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை மாநிலச் சட்டமன்றத்திடம் விட்டுவிட்டது. அந்த ஓட்டைதான் பின்னால் வந்த குழப்பம் எல்லாவற்றுக்கும் காரணம். அதன்பின் நடந்தது இது:

1996 – மக்கள் நேரடி ஓட்டு. மு.க. ஸ்டாலின். (மூன்றாமவர் சொன்ன "முதல்" இதுதான். நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மேயர்.)
2001 – நேரடி. மீண்டும் ஸ்டாலின்.
2006 – கவுன்சிலர்கள் ஓட்டு. மா. சுப்பிரமணியன்.
2011 – நேரடி. சைதை துரைசாமி.
2016 – கவுன்சிலர்கள் ஓட்டு என்று சட்டம். ஆனால் தேர்தலே நடக்கவில்லை, பழங்குடியினர் இடஒதுக்கீடு முறைப்படி செய்யப்படவில்லை என்ற வழக்கில் அக்டோபரில் உயர் நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்தது.
2018 – மறுபடி நேரடி என்று சட்டம். தேர்தல் இல்லை.
2019 நவம்பர் – அவசரச் சட்டம், மறுபடி கவுன்சிலர் ஓட்டு.
2022 – கவுன்சிலர் ஓட்டில் ஆர். பிரியா.

2016, 2018, 2019 மூன்று மாற்றமும் ஒரே கட்சி (அ.தி.மு.க.) ஆட்சியில். அப்புறம் கொள்கை என்று என்ன சொல்ல இருக்கிறது? அடுத்த தேர்தலில் எது வசதியோ அது.

ரிப்பன்_மாளிகை:

ஆச்சி சொன்னதோடு 2002ஐச் சேர்க்க வேண்டும். ஒருவர் இரண்டு தேர்ந்தெடுக்கப்பட்ட பதவி வகிக்கக் கூடாது என்று அந்த ஆண்டு சட்டத் திருத்தம் வந்தது. ஸ்டாலின் அப்போது ஆயிரம் விளக்கு எம்.எல்.ஏ.வும்கூட. அவர் மேயர் பதவியை இழந்தது அந்தத் திருத்தத்தால் மட்டும் என்று எழுதுகிறார்கள். வழக்கில் 1919 சட்டத்தின் இன்னொரு விதியும் குறுக்கே வந்தது: தொடர்ந்து இரண்டு முறை மேயராகக் கூடாது. கவுன்சிலர்கள் ஆண்டுதோறும் மேயரை மாற்றிய காலத்து விதி, மக்கள் ஐந்தாண்டுக்குத் தேர்ந்தெடுத்தவருக்கும் பொருந்திவிட்டது. சட்டத்தை ஒட்டுப்போட்டுத் தைத்தால் இப்படித்தான் ஆகும். மீதிக் காலம் துணை மேயர் கராத்தே தியாகராஜன் பொறுப்பில் ஓடியது.

அடுத்து, பலகையில் நிச்சயம் வரப்போகிற இரண்டு பிழைகள்.

ஒன்று, "பிரியா சென்னையின் முதல் தலித் மேயர்". தவறு. முதல் தலித் பெண் மேயர் என்பதே சரி. ஜே. சிவஷண்முகம் பிள்ளை 1937லேயே மேயர், பிறகு சட்டமன்ற சபாநாயகர். என். சிவராஜ் 1945இல்.

இரண்டு, "சென்னையின் மிக இளைய மேயர்". பிரியா பதவியேற்றபோது வயது 28. முத்தையா செட்டியார் பிறந்தது 1905 ஆகஸ்ட். கழித்துப் பார்த்தால் 1933இல் அவருக்கு 27 அல்லது 28. "சமீப காலத்தின் இளைய மேயர்" என்று போட்டுவிட்டால் வம்பில்லை.

செக்காலை_ரோடு:

எல்லாருக்கும் நன்றி. கடைசிப் பலகையில் காரைக்குடிக்காரர்களுக்கு உபயோகமாக, மேயர் தேர்தல் நாளில் மன்றத்துக்குள் என்ன நடக்கும் என்று போடலாம் என நினைக்கிறோம். இப்போதைய முறைப்படி சொல்ல முடியுமா?

ரிப்பன்_மாளிகை:

2022இல் நடந்ததை வைத்துச் சொல்கிறேன். பிப்ரவரி 19 வார்டு வாக்குப்பதிவு, 22 எண்ணிக்கை, மார்ச் 2 கவுன்சிலர்கள் பதவிப்பிரமாணம், மார்ச் 4 காலை மேயர், அன்று பிற்பகல் துணை மேயர். வாக்காளருக்கு ஒரே ஓட்டு, வார்டு கவுன்சிலருக்கு. நேரடி முறை இருந்த 2011இல் இரண்டு ஓட்டு, கவுன்சிலருக்கு ஒன்று, மேயருக்கு ஒன்று.

மார்ச் 4 அன்று தேர்தல் நடத்தும் அலுவலர் கமிஷனர். போட்டியிடுகிறவர் கவுன்சிலராக இருந்தே ஆக வேண்டும். முன்மொழிய ஒரு கவுன்சிலர், வழிமொழிய ஒரு கவுன்சிலர். ஒரே மனு வந்தால் போட்டியின்றித் தேர்வு. இரண்டு வந்தால் அங்கேயே ரகசிய ஓட்டு. சமமானால் குலுக்கல். பிறகு அங்கி, சங்கிலி, செங்கோல்.

எங்கே கோளாறு வரும் என்றும் போடுங்கள். போதிய உறுப்பினர் வராவிட்டால் கோரம் (குறைந்தபட்ச வருகை) இல்லை என்று தள்ளிப்போகும். ஒரு தரப்பு வேண்டுமென்றே வெளியே நிற்பது பழைய உத்தி. அடுத்தது இடஒதுக்கீடு. 2022இல் 21 மாநகராட்சிகளில் 11 பெண்களுக்கு, அதில் சென்னையும் தாம்பரமும் ஆதிதிராவிடர் பெண்களுக்கு. மேயர் பதவி ஒரு பிரிவுக்கு ஒதுக்கப்பட்டால், அந்தப் பிரிவில் ஜெயித்த கவுன்சிலர் தன் கட்சியில் இருக்க வேண்டும். வார்டுக்கு ஆள் நிறுத்தும்போதே இதைக் கணக்குப் பண்ணாத கட்சி, பெரும்பான்மை பிடித்தும் மேயருக்கு ஆளில்லாமல் முழிக்கும். ரகசிய ஓட்டு என்பதால் கட்சி சொன்னவருக்கே விழும் என்ற உத்தரவாதமும் கிடையாது. 2022 மார்ச்சில் கூட்டணிக்கு ஒதுக்கிய தலைவர் பதவிகளில் சிலவற்றை அப்போதைய ஆளுங்கட்சியான தி.மு.க.காரர்களே நின்று பிடித்ததும், ராஜினாமா செய்யச் சொல்லித் தலைமை அறிக்கை விட்டதும் தெரிந்ததுதானே.

தேவகோட்டை_ஆச்சி:

பதவி கிடைத்த பிறகும் கவுன்சிலர் தயவு வேண்டும் என்பதையும் சேருங்கள். 2024 ஜூலையில் கோவை, நெல்லை மேயர்கள் இருவரும் ராஜினாமா. ஆகஸ்டில் கோவையில் போட்டியின்றிப் புது மேயர். நெல்லையில் தி.மு.க. வேட்பாளரை அதே கட்சிக் கவுன்சிலர் எதிர்த்து நின்று ஓட்டெடுப்புக்குப் போனது. அதே ஜூலையில் காஞ்சிபுரம் மேயர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானக் கூட்டம் கூட்டினார்கள், கவுன்சிலர் யாரும் வராமல் தீர்மானம் விழுந்தது.

காரைக்குடிக்கு ஒரு வரி போதும்: 1928இல் நகராட்சி, 2024இல் மாநகராட்சி. அடுத்த தேர்தலில் நேரடியா மறைமுகமா என்று மட்டும் பலகையில் அச்சடிக்காதீர்கள். அந்த இடத்தில் ஒட்டித் திருத்துகிற மாதிரி காகிதம் விடுங்கள்.