7.25 இன்ச் ரேடியஸ் நெக்கில் பெண்ட் அடைபடுது: நெக்கை மாத்தணுமா?

ஆறுகம்பி:
ஸ்ட்ராட் ரக எலக்ட்ரிக் கிட்டார். 7.25 இன்ச் ரேடியஸ் (நெக்கின் மேல்முகம் குறுக்கே வளையும் வட்டத்தின் ஆரம்; சின்னதுன்னா வளைவு அதிகம்), 25.5 இன்ச் ஸ்கேல் (கம்பியின் அதிரும் நீளம்), 9–42 கம்பி செட். கமகம் வாசிக்க 1, 2ஆம் கம்பிகளை மூணு ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதிச்ச உலோகப் பட்டை) தூரத்துக்கு ஸ்வரம் ஏறுற அளவு பக்கவாட்டில் இழுக்கணும், அதாவது பெண்ட். 12ஆம் ஃப்ரெட் வரை தொல்லை இல்லை. 14, 15இல் பாதி இழுக்கும்போதே சத்தம் செத்துடுது. 17ஆம் ஃப்ரெட்டில் அளந்த உயரம் (ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடைவெளி): 1ஆம் கம்பி 1.3 மி.மீ., 2ஆவது 1.1, 3ஆவது 1.0, 6ஆவது 1.6. ரிலீஃப் (நெக் நீளவாக்கில் லேசா குழிஞ்சிருக்கற அளவு) 0.1 மி.மீ. பாரே கார்டு (ஒரே விரலால எல்லாக் கம்பியையும் அழுத்தறது) பிடிக்க இந்த நெக் அவ்வளவு சுகம், அதை விட மனசில்லை. 12 இன்ச் நெக் வாங்கினாத்தான் தீருமா?

மரத்தூள்:
முதல்ல சேடிலைப் (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் துண்டு) பாருங்க. 1ஆம் கம்பியைவிட 2ஆவது 0.2, 3ஆவது 0.3 தாழ்ந்து நிக்குது. 9.5 இன்ச் கேஜை (வளைவு அளக்கும் அச்சு) வெச்சு 7.25 நெக்குக்கு சேடில் அமைச்சா இதே வித்தியாசம்தான் வரும்.

ஏன் அடைபடுதுன்னு கண்ணால பார்க்கணும்னா, ஒரு பிவிசி குழாய் மேல ஸ்டீல் ஸ்கேலை நீளவாக்கில் நேரா வைங்க. முழுசா படியும். கொஞ்சம் குறுக்கா திருப்புங்க. நடுவில் மட்டும் தொட்டு ரெண்டு முனையும் ஆடும். இழுத்த கம்பியும் அப்படித்தான். விரல் அதை நெக்கின் நடு மேட்டுக்குத் தள்ளுது, சேடில் முனையோ ஓரத்துத் தாழ்விலேயே நிக்குது. இடையில் இருக்கற 17, 18, 19ஆம் ஃப்ரெட்டுகள் கம்பியில் முட்டுது. குழாய் பெருசானா ஆட்டம் குறையும். 12 இன்ச் நெக் செய்யறதும் அதைத்தான்.

சரிசெய்யும் வரிசை முக்கியம். முதல்ல ரிலீஃப். 1ஆம் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, 6ஆம் கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்தி, 8ஆவதில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடுங்க. 7.25க்கு 0.3 மி.மீ. வேணும். டிரஸ் ராடை (நெக்குக்குள்ள இருக்கற, ரிலீஃபை மாத்தும் இரும்புக் கம்பி) கால் சுற்றுக்கு மேல ஒரே தடவையில் தளர்த்தாதீங்க, ஒவ்வொரு தடவையும் திரும்ப ட்யூன் பண்ணிட்டு அளங்க. பழைய பாணி நெக்கில் அந்தத் திருகு அடிப்பக்கம் (நெக் உடலோட சேரும் முனை) இருக்கும், நெக் போல்ட்டைத் தளர்த்தினாத்தான் எட்டும்.

அதுக்கப்புறம் உயரம். 17ஆம் ஃப்ரெட்டில் 6ஆவது 2.0, 1ஆவது 1.6 மி.மீ. அங்கே 0.1 ஏறணும்னா சேடிலில் 0.16 ஏத்தணும். வெளிக் கம்பி ரெண்டும் சரியானதும் 7.25 கேஜை வெச்சு நடு நாலு சேடிலையும் அந்த வளைவுக்குக் கொண்டுவாங்க. கடைசியா இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் ஸ்வரம் சரியா வர சேடிலை முன்பின் நகர்த்தறது).

தட்டைவிரல்:
12 இன்ச்னா பெரிய மாற்றம்னு நினைக்காதீங்க, கணக்குப் போட்டுப் பாருங்க. 12ஆம் ஃப்ரெட்டில் வெளிக் கம்பிகளுக்கு நடுவே சுமார் 45 மி.மீ. அந்த அகலத்தில் நடு மேடு 7.25 இன்ச்சில் 1.4 மி.மீ., 9.5இல் 1.05, 12இல் 0.8, 400 மி.மீ. ரேடியஸில் 0.6. பாரே பிடிக்கும் ஆள்காட்டி விரல் இயல்பாவே லேசா வளைஞ்சிருக்கும், 7.25 அந்த வளைவோட ஒத்துப்போகுது. தட்டையான போர்டில் (ஃப்ரெட் பதிச்ச நெக்கின் மேல்பலகை) விரல் மடிப்புக்குக் கீழே வர்ற கம்பி சரியா அமுங்காது, அதனால கூடுதலா அழுத்த வேண்டிவரும்.

ஆனா "நெக் தடிமனா இருக்கு", "கை வலிக்குது"ன்னு சொல்றதுக்குப் பெரும்பாலும் காரணம் ரேடியஸ் இல்லை. நெக்கின் பின்பக்க வடிவம், ஃப்ரெட் உயரம், ஓரத்தை எவ்வளவு உருட்டியிருக்காங்க, இதுதான் கையில் முதல்ல தெரியுது.

கமகம்தான் நோக்கம்னா வீணையைப் பாருங்க. அங்கே மெட்டு (வீணையின் ஃப்ரெட்) வளைவே இல்லாத நேர்க்கம்பி, அதனால எவ்வளவு இழுத்தாலும் மேடு குறுக்கே வராது. பாரேயும் வேணும் கமகமும் வேணும்னா காம்பவுண்ட் ரேடியஸ்தான் (ரேடியஸ் போகப் போக மாறும் போர்டு) சரியான வழி: நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் துண்டு) பக்கம் 10 இன்ச், அடியில் 14 அல்லது 16. கம்பிகள் நட்டிலிருந்து பிரிட்ஜுக்கு விரிஞ்சு போறதால, போர்டு உருளையா இருக்கறதைவிடக் கூம்பா இருக்கறதுதான் அவற்றுக்குப் பொருந்தும். 10–14 போர்டுன்னா பிரிட்ஜில் சேடில் வளைவு சுமார் 15.5 இன்ச் வரணும். 14ன்னு நினைச்சு வைக்கறவங்கதான் அதிகம்.

மரத்தூள்:
மேல சொன்னதோட சேர்த்து: இருக்கற போர்டையே 9.5க்குத் தேய்க்கலாம்னு யாராவது சொன்னா யோசிங்க. 12ஆம் ஃப்ரெட் கிட்ட நடுவில் 0.4 மி.மீ., கடைசியில் 0.5 மரம் போகும். எல்லா ஃப்ரெட்டையும் பிடுங்கிப் புதுசு போடணும், நட்டும் புதுசா வெட்டணும். மேப்பிள் போர்டுன்னா மேல்பூச்சும் திரும்ப அடிக்கணும். அந்தச் செலவுக்குப் புது நெக்கே வாங்கிடலாம். வாங்கும்போது அடிப்பாக அகலம் 56 மி.மீ. தானான்னு பாருங்க.

ஆறுகம்பி:
ரிலீஃப் 0.3, உயரம் 2.0/1.6, 7.25 கேஜ், எல்லாம் வெச்சாச்சு. 15இல் மூணு ஃப்ரெட் தூரமும் முழுசா ஒலிக்குது. 17இல் மட்டும் கடைசிக் கொஞ்சம் இன்னும் மங்குது.

மரத்தூள்:
அப்போ மிச்சம் ஃப்ரெட்டில்தான். ஃப்ரெட் ராக்கரை (மூணு ஃப்ரெட் மேல வைக்கும் நேர்விளிம்புத் தகடு) 18, 19, 20 மேல வெச்சு ஆட்டிப் பாருங்க, 1ஆம் கம்பிக்குக் கீழே மட்டும் இல்லாம 3, 4ஆம் கம்பிகளுக்குக் கீழேயும். ஆடினா நடு ஃப்ரெட் எழும்பியிருக்கு. முதல்ல தட்டி உட்கார வைங்க. அது பத்தலைன்னா 14க்கு மேல நடுப்பகுதியை மட்டும் 0.1 மி.மீ. தேய்ச்சு, ஃப்ரெட்டின் மேல்முகட்டைத் திரும்ப உருட்டி மெருகேத்தணும். தேய்ச்ச இடம் தட்டையா விட்டா கம்பி ஃப்ரெட்டில் உரசி சிதார் மாதிரி இரையும், ஸ்வரமும் விலகும்.