போர் தண்ணீரில் நுரையே நிற்கவில்லை, எந்த ஷேவிங் சோப்பு வாங்கலாம்?

சிறுவாணிப் பிள்ளை:
வணக்கம். மூன்று வருடமாகப் பழைய முறையில்தான் ஷேவ் செய்கிறேன். இரண்டு பக்கமும் கூர் உள்ள பிளேடு போடும் ரேசர், பிரஷ், ஒரு எவர்சில்வர் கிண்ணம், அவ்வளவுதான் செட். கோவையில் இருந்தவரைக்கும் ஒரு தொல்லையும் இல்லை, எந்தச் சோப்பைத் தேய்த்தாலும் தயிர் மாதிரி நுரை வரும். போன மாதம் வேலை மாறி சென்னை மேடவாக்கம் வந்தேன், இங்கே போர் தண்ணீர், அதுவும் வற்றினால் லாரி. அதே சோப்பு, அதே பிரஷ், ஆனால் நுரை சோப்புத் தண்ணீர் மாதிரி வழிகிறது, ஒரு கன்னத்தை முடிப்பதற்குள் இன்னொரு கன்னத்தில் காய்ந்து போய்விடுகிறது. கழுத்தெல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தடித்து, ஆபீஸில் ஒருத்தர் "என்ன, பூனை பிராண்டிச்சா" என்று கேட்டுவிட்டார்.

இப்போது இருப்பது நண்பர் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த கட்டிச் சோப்பு, விலை அதிகம், பேர் வேண்டாம். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம் என்றிருக்கிறேன். இரண்டு நிபந்தனை. மென்தால் ஆகாது, கண் எரிகிறது. அப்புறம் அம்மா கூட இருக்கிறார், மாட்டுக் கொழுப்பு என்று தெரிந்தால் சோப்போடு சேர்த்து என்னையும் வெளியே அனுப்பிவிடுவார். எது நல்லது?

அவசரக்காரன்:
நண்பா, டியூப் கிரீம் ஒன்று வாங்கி, விரலால் தேய்த்து, இழுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். காலை ஏழரைக்கு எலக்ட்ரிக் ரயில் பிடிக்கிறவனுக்குக் கிண்ணமும் பிரஷும் எதற்கு?

சோப்புக் கட்டி:
அவசரக்காரரே, கிரீமும் சோப்புதான், தண்ணீர் அதிகம் சேர்த்து இளக்கி டியூபில் அடைத்திருக்கிறார்கள். போர் தண்ணீர் அதையும் விடாது.

சிறுவாணிப் பிள்ளை, உங்கள் சோப்பைத் தூக்கிப் போடாதீர்கள். நான் படித்தது வேதியியல், கொஞ்ச காலம் ஒரு சோப்புக் கம்பெனியிலும் இருந்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். குளியல் சோப்பைப் பெரும்பாலும் சோடியம் ஹைட்ராக்சைடு போட்டுத்தான் காய்ச்சுவார்கள், அதனால் கல் மாதிரி இறுகி நிற்கும். நல்ல ஷேவிங் சோப்பில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் சேர்ப்பார்கள், அது சோப்பை இளக்கி, பிரஷ் பட்டதும் கரைய வைக்கும். எண்ணெயிலும் வித்தியாசம் உண்டு. தேங்காய் எண்ணெய் சோப்பு குபுகுபுவென்று பெரிய குமிழியாகப் பொங்கி அதே வேகத்தில் அடங்கும். ஸ்டியரிக் அமிலம் (ஒரு வகைக் கொழுப்பு அமிலம்) நிறைய இருந்தால் குமிழி பொடிப்பொடியாக, கெட்டியாக, ரொம்ப நேரம் நிற்கும். ஷேவிங்குக்கு வேண்டியது இந்த இரண்டாவது ரகம். லேபிளில் முதல் மூன்று நான்கு பெயர்களுக்குள் ஸ்டியரிக் ஆசிட், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு (அல்லது பொட்டாசியம் ஸ்டியரேட்) இருந்தால் அது உண்மையான ஷேவிங் சோப்பு. இல்லாவிட்டால் குளியல் சோப்பை வட்டமாக வெட்டி டப்பாவில் போட்டு விற்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உப்புத்தண்ணீரில் முதலில் அடி வாங்குவதும் இந்த ஸ்டியரிக் ரகம்தான். போர் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத திரியாக மாறிவிடும். உங்கள் பக்கெட்டின் உள்சுவரில் நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக மாவு மாதிரி வருமே, அதேதான். தேங்காய் எண்ணெய் சோப்பு இந்த விஷயத்தில் முரடு, அந்தக் காலத்தில் கப்பலில் போகிறவர்கள் கடல் தண்ணீரில் குளிக்க அதைத்தான் வைத்திருந்தார்கள். ஆக நீங்கள் தேய்க்கிற சோப்பில் ஒரு பங்கு தண்ணீரோடு சண்டை போட்டே செத்துவிடுகிறது, மிச்சம்தான் நுரையாகிறது. சோப்பு மேல் தப்பில்லை.

நாளைக்கு ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். குடிக்க கேன் தண்ணீர் வாங்குவீர்கள் அல்லவா, அதில் ஒரு டம்ளர் எடுத்து, பிரஷ் நனைப்பது, நுரை கட்டுவது இரண்டையும் அதிலேயே செய்யுங்கள். முகம் கழுவ மட்டும் குழாய்த் தண்ணீர்.

மழைநேசன்:
கேன் தண்ணீர் எதற்கு, கொதிக்க வைத்தால் போதுமே. இல்லாவிட்டால் எங்கள் ஊரில் செய்வது போல படிகாரத்தை இரண்டு சுற்றுச் சுற்றி வைத்தால் தண்ணீர் தெளிந்துவிடும். ஏசி வெளியே விடும் தண்ணீரும் உப்பே இல்லாதது, நான் அதைப் பிடித்துத்தான் பேட்டரிக்கு ஊற்றுகிறேன்.

சோப்புக் கட்டி:
மழைநேசன் சார், கொதிக்க வைத்தால் பைகார்பனேட்டால் வரும் கடினத்தன்மை (அந்தக் கால்சியம், மெக்னீசியத் தொல்லை) மட்டும் போகும், பாத்திரத்தின் அடியில் பொருக்காகப் படிகிறதே அது. குளோரைடும் சல்பேட்டும் அசையாது, போர் தண்ணீரில் அவையும் தாராளமாக இருக்கும். படிகாரம் கலங்கலைத்தான் கீழே இறக்கும், கடினத்தன்மையைத் தொடாது. அது மட்டுமில்லை, படிகாரம் கரைந்த தண்ணீரில் சோப்பு போட்டால் இன்னும் மோசமாகத் திரியும். ஏசி தண்ணீர் மென்மையானதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது தூசும் பாசியும் பிடித்த தட்டில் நின்று வருகிறது, பிளேடு பட்ட முகத்தில் அதை வைக்க எனக்கு மனசு வராது. மழைத் தண்ணீர் என்றால் சரி, அது அருமையான தண்ணீர்.

சலூன் வீட்டுப் பையன்:
தண்ணீர் கதை சரி. ஆனால் கேட்டவர் சோப்பை எத்தனை நேரம் தேய்க்கிறார் என்று யாருமே கேட்கவில்லையே?

என் அப்பா நாற்பது வருடம் சலூன் வைத்திருந்தார், எங்கள் ஊரிலும் உப்புத்தண்ணீர்தான். அவர் கையில் நுரை வராமல் போய் நான் பார்த்ததே இல்லை. முதலில் சோப்புக் கட்டியின் மேல் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு அப்படியே வைத்துவிடுவார், அதற்குள் ஆளை உட்கார வைத்து, துண்டு போட்டு, முகத்தை நனைத்து, ஊர்க்கதை ஆரம்பித்திருக்கும். அப்புறம் பிரஷை உதறுவார், நன்றாக உதறுவார், ஈரம் மட்டும் இருக்கும், சொட்டாது. சோப்பின் மேல் முப்பது நாற்பது சுற்று. பிரஷ் நுனியில் வருவது நுரை கூடக் கிடையாது, பசை மாதிரி, பற்பசை இருக்குமே அந்தப் பதம். அதற்குப் பிறகுதான் தண்ணீர், விரல் நுனியில் தொட்டுத் தொட்டு, முகத்தின் மேலேயே வைத்துச் சுற்றுவார். நம் ஆட்கள் செய்யும் தப்பு, பிரஷைத் தண்ணீரில் முக்கி அப்படியே சோப்பில் ஐந்து சுற்றுச் சுற்றிவிட்டு "நுரை வந்தாச்சு" என்று எடுத்துவிடுவது. அது வெறும் காற்று.

பதம் பார்க்க ஒரு வழி: நுரையை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பாருங்கள். வழவழவென்று வழுக்க வேண்டும். இழுபட்டால் தண்ணீர் போதவில்லை, ஒழுகினால் சோப்பு போதவில்லை. பார்க்கப் பளபளப்பாக இருக்க வேண்டும், குமிழி கண்ணுக்குத் தெரியக்கூடாது.

கழுத்துத் தடிப்புக்கு முதல் காரணம் நுரை காய்ந்த இடத்தில் பிளேடு ஓடுவது, இரண்டாவது கீழிருந்து மேலே இழுப்பது. ஒரு வாரம் கழுத்தில் முடி சாயும் பக்கமே இழுங்கள். முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் கழுவிவிட்டுப் படிகாரக் கட்டியைத் தடவுங்கள், எங்கே எரிகிறதோ அங்கே அழுத்திவிட்டீர்கள் என்று அர்த்தம், அடுத்த நாள் அந்த இடத்தில் கையை இளக்க வேண்டும்.

பிரஷ் என்ன ரகம் என்று சொல்லவில்லையே? பன்றி முடி என்றால் ஐந்து நிமிடமாவது ஊற வேண்டும். செயற்கை இழை என்றால் வேண்டாம். (அம்மாவிடம் சோப்பைப் பற்றி மட்டும் பேசுங்கள், பிரஷைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள்.)

சிறுவாணிப் பிள்ளை:
நாலு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். முதல் நாள் கேன் தண்ணீர், ஆனால் என் பழைய பழக்கப்படி தேய்த்தேன். நுரை வந்தது, இடது கன்னம் வலது கன்னம் இரண்டும் முடித்தேன், கழுத்துக்கு வரும்போது மறுபடி இளைத்துவிட்டது. இரண்டாவது நாள் வேண்டுமென்றே குழாய்த் தண்ணீரிலேயே சலூன் அப்பா முறையில் நாற்பது சுற்று எண்ணித் தேய்த்தேன். ஆச்சரியம், முதல் நாளை விட நன்றாக இருந்தது, ஆனால் கிண்ணத்தின் ஓரத்தில் வெள்ளையாகத் திரிதிரியாக ஒட்டியிருந்தது. மூன்றாவது நாள் இரண்டும் சேர்த்து, கேன் தண்ணீர், நாற்பது சுற்று. கோவை திரும்பி வந்துவிட்டது. ஒரு ஷேவுக்கு அரை டம்ளர் கூட ஆகவில்லை. பிரஷ் செயற்கை இழைதான், அம்மா விஷயத்தில் தப்பித்தேன்.

ஆனால் சோப்பின் லேபிளை இப்போதுதான் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். சோடியம் டாலோவேட் என்று இருக்கிறது. இது அதுதானா?

சோப்புக் கட்டி:
அதேதான். டாலோ என்று எங்கே வந்தாலும் மிருகக் கொழுப்பு, பெரும்பாலும் மாடு. சவரத்துக்கு அருமையான பொருள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. துருக்கியின் ஆர்கோ குச்சிச் சோப்பை உலகம் முழுக்கக் கொண்டாடுகிறார்களே, நெடுநாளாக அதன் ரகசியமும் கொழுப்பாகத்தான் இருந்தது. வாசனை மட்டும் கழிப்பறையில் போடும் வில்லை மாதிரி இருக்கும் என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. உங்கள் வீட்டுக்கு அது சரிப்படாது.

உங்கள் நிபந்தனைகளுக்குப் பொருந்துவதில் எனக்குப் பிடித்தது இத்தாலியின் புரோராசோ வெள்ளை டப்பா, கிரீன் டீயும் ஓட்ஸும் போட்டது. பச்சை டப்பாவைத் தொடாதீர்கள், அதில் யூகலிப்டஸும் மென்தாலும், உங்கள் கண் தாங்காது. வெள்ளை சற்று இளகலான சோப்பு, இருபது சுற்றுப் போதும். கையிருப்புக்கு ஒத்துவராவிட்டால் நம் ஊர்க் கடையில் கிடைக்கும் எந்த வட்டச் சோப்பையும் மேலே சொன்ன லேபிள் கணக்குப்படி பார்த்து வாங்குங்கள், பச்சைப் புள்ளியும் இருந்தால் நல்லது. ஈடிடிஏ அல்லது எட்டிட்ரோனேட் என்று பட்டியலின் கடைசியில் இருந்தால் பயப்பட வேண்டாம், உப்புத்தண்ணீரின் கால்சியத்தைப் பிடித்துக் கட்டி வைப்பதற்காகச் சேர்ப்பது. லானோலின் என்று இருந்தால் ஆட்டு ரோமத்திலிருந்து எடுப்பது, ஆட்டைக் கொல்லாமல் எடுக்கலாம், அது அம்மா முடிவு.

அவசரக்காரன்:
நானும் இன்றைக்கு டியூப் கிரீமையே கேன் தண்ணீர் தொட்டு பிரஷால் அடித்துப் பார்த்தேன். ரயில் போய்விட்டது. ஆனால் கன்னம் நன்றாக இருக்கிறது.

சலூன் வீட்டுப் பையன்:
அந்தப் பழைய சோப்பைக் குப்பையில் போடாதீர்கள் சிறுவாணிப் பிள்ளை, சென்னையில் எங்கே சந்திக்கலாம் சொல்லுங்கள், நான் வாங்கிக்கொள்கிறேன்.